வியாழக்கிழமை கழற்றிய பச்சை வயர்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். ஆறு வருஷமாக நீ நலமாக இல்லை. அதற்குக் காரணம், உன்னைப் பெற்ற நான். இந்த உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். நகல் ஒன்று நம் பங்குச் சாமியாருக்கு, ஒன்று குமுளி ரிசார்ட் முதலாளிக்கு, ஒன்று உனக்குப் பெண் கொடுக்கிற வீட்டுக்கு. நான் சொன்ன பொய்யை ஊரே கேட்டது. உண்மையை மட்டும் உன் காதோடு ரகசியமாகச் சொன்னால் அதுவும் ஒரு களவாகத்தான் இருக்கும். அதனால் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

போன ஞாயிறு பூசையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். உன் பெயர், பெண்ணின் பெயர், இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன் பெயர், கடைசியில் வழக்கமாகச் சொல்கிற அந்த வரி: இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓலை வாசித்துக் கேட்டிருக்கிறேன். அந்த வரி வரும்போது கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்று முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மகனுடைய பெயர் கோயிலில் கேட்டதும் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அதற்கு முன்னால் நிச்சயதார்த்தத்தன்று எனக்கு மருமகளாக வரப்போகிற பெண் ஒன்று சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மாமா, ஒங்க மகன் எலக்ட்ரீசியன் வீட்டுப் பிள்ளைன்னு சொன்னாக. கோயமுத்தூர்ல இவுக ரூம்ல பல்பு பியூஸ் போனா மூணு நாளு இருட்டுலயே கெடக்காகளாம். பக்கத்து ரூம்காரரு வந்துதான் மாத்திக் குடுக்கணுமாம்" என்றாள். பந்தியே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் உன் வலது கையை எடுத்து வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டாய். ஐடிஐயில் முதல் மாணவனாக வந்த கை அது. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதியில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தப் பின்பால் மிஷின் குமுளி ரிசார்ட்டுக்கு வந்தபோது நம் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. சாய்வான மேசை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடுகிற இரும்புக் குண்டு, அது விழாமல் தட்டிவிட இரண்டு கை. குண்டு எங்கே இடித்தாலும் ஒரு மணி அடிக்கும், ஒரு விளக்கு எரியும். வெளிநாட்டுப் பழைய சரக்கு, கொச்சியில் கப்பலில் வந்து இறங்கியது. கூடலூரில் மோட்டாரும் மிக்சியும் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு முதலாளி அதை ஓட்டித் தரச் சொன்னார். ஓட்டிக் கொடுத்தேன். நாலு வருஷம் அந்த மலையில் அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த மிதப்பில்தான் இருந்தேன்.

பிறகு ஐடிஐ முடித்து நீ வந்தாய். "பழைய பல்பு சூட்டுல மேல இருக்கிற பிளாஸ்டிக்கெல்லாம் கோணுதுப்பா, எல்இடி போட்டுருவோம்" என்றாய். இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை பல்பையும் நீயே மாற்றினாய். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நொட்டை சொல்லிக்கொண்டிருந்தேன். சில பல்புகள் அணைந்த பிறகும் மங்கலாக மினுக்கின. "ஏலே, ஒன் பல்புக்கெல்லாம் தூக்கம் வரலயா?" என்று கேலி செய்தேன். நீ தலையைத் தூக்காமலேயே சொன்னாய்: "லேசா கரண்டு கசியுதுப்பா. பழைய பல்புக்கு அது பத்தாது, அதனால தெரியாம இருந்துச்சு. எல்இடிக்கு அதுவே போதும். ஒரு ரெசிஸ்டர் போட்டா நின்னுரும்." போட்டாய், நின்றது. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அது தெரியாது, தம்பி. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

கடைசியில் இரண்டே இரண்டு பல்பு எரியவில்லை. பழைய பல்பை எப்படிச் சொருகினாலும் எரியும். எல்இடி ஒரு பக்கமாகச் சொருகினால்தான் எரியும், மாற்றிச் சொருகினால் சும்மா கிடக்கும். கழற்றித் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது. பொழுது சாய்ந்துவிட்டதால் "சனிக்கிழமை வந்து திருப்பிப் போட்டுர்றேன் சார்" என்று முதலாளியிடம் சொன்னாய். அவர் மிஷினைப் போட்டுப் பார்த்தார். தேர் மாதிரி ஜொலித்தது. உன் தோளில் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஆசானே, மகன் மிடுக்கனாணு, பெரிய கெட்டிக்காரன். இனி நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுக்கலாம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஜீப்பில் கீழே இறங்கும்போது நீ என்னிடம் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாய், நான் ம் கொட்டினேன். பெற்ற மகன் மேல் தகப்பனுக்குப் பொறாமை வருமா என்று கேட்பார்கள். வரும். எனக்கு வந்தது. வயிறு எரிந்தது.

அது புதன்கிழமை. அன்று சாயங்காலம் முழுக்க மிஷின் ஓடியது, ஒரு பியூஸ் போகவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்.

வியாழக்கிழமை நீ சிநேகிதன் கல்யாணத்துக்குத் தேனி போய்விட்டாய். நான் குச்சனூரில் ஒரு தோட்டத்து மோட்டார் பார்க்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, குமுளி ஜீப் ஏறினேன். அந்த இரண்டு பல்பை நானே எரிய வைக்க வேண்டும். சனிக்கிழமை நீ வந்து பார்க்கும்போது, "அப்பா வந்து சரி செய்தார்" என்று முதலாளி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு இவ்வளவு விலை.

கண்ணாடியை எடுத்து, மேல் பலகையைத் தூக்கி நிறுத்தினேன். கை எட்டுவதற்கு இடைஞ்சலாக இருந்தது என்று, முன்பக்க ஸ்விட்சுக்கு வருகிற மெயின் வயரைக் கிளிப்பில் இருந்து கழற்றி ஓரமாகத் தள்ளினேன். இரண்டு பல்பையும் திருப்பிப் போட்டேன். பலகையை இறக்கினேன். வயரைத் திரும்பக் கிளிப்பில் மாட்டவில்லை. பலகையின் இரும்புப் பட்டை அந்த வயர் மேல் உட்கார்ந்து தோலைக் கடித்துவிட்டது. ஸ்விட்ச் போட்டேன், பியூஸ் போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. அப்போது என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். உன் எல்இடிதான் காரணம் என்று நினைத்த சந்தோஷம். மத்தியானம் வரை நீ போட்ட பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். ஆறு வோல்ட் பல்புக்காக மெயின் பியூஸ் போகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மெயின் வயர் பக்கம் என் கண் போகவில்லை. தப்பு உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று பார்த்தவனுக்கு வேறு எது கண்ணில் படும்?

முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். "ஆசானே, வைகுந்நேரம், சாயங்காலம் கெஸ்ட் வரும். எப்படியாவது ஓட்டிக் குடுங்க" என்றார். நான் பிளக்கைப் பிரித்து எர்த் வயரைக் கழற்றினேன். அந்தப் பச்சை வயர். மிஷின் உடம்புக்குக் கரண்டு வந்தால் தரைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பியூஸை அடிக்கிற வயர். அதைக் கழற்றினால் பியூஸ் போகாது. கரண்டு மட்டும் மிஷினுடைய இரும்பில் அப்படியே நிற்கும். மிஷின் ஓடியது, எல்லா விளக்கும் எரிந்தது. மிஷினுடைய முன்கதவு இரும்பில் டெஸ்டரை வைத்தேன். மினுக்கியது. பழைய மிஷின், உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, அப்படித்தான் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே கார்ப்பெட், காலில் ரப்பர் செருப்பு, புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை உன்னோடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "ஓடுதோ?" என்று கேட்டார். "ஓடுது" என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஷூ போட்ட விருந்தாளிகள் கார்ப்பெட்டில் நின்று விளையாடியிருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமை காலையில், மழை ஈரத்தில் வாடை அடிக்கிறது என்று கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே போட்டிருக்கிறார்கள். மிஷினை யாரும் அணைக்கவில்லை. லோயர் கேம்பில் இருந்து தினமும் ஜீப்பில் மேலே போய் அங்கே கூட்டித் துடைக்கிற பேச்சியம்மாள், வேலைக்காரர்கள் செருப்போடு உள்ளே வரக்கூடாது என்பதால், வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து தரையைத் துடைத்தாள். அதே ஈரத்துணியால் மிஷினுடைய இரும்புக் காலைத் துடைத்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

முதலாளி போலீசுக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தார். நீ அப்போது குளித்துக்கொண்டிருந்தாய். உனக்குக் காத்திராமல் ஓடினேன். அவளை வெளியே வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் அங்கே நின்றார்கள். நான் உள்ளே போய்ப் பிளக்கைப் பிரித்து, பச்சை வயரை அதன் இடத்தில் மாட்டி முறுக்கினேன். கை நடுங்கவில்லை. பிறகு வந்து பார்த்தவர்கள் நசுங்கிய மெயின் வயரைக் கண்டார்கள், அதோடு விட்டுவிட்டார்கள். யார் வேலை பார்த்தது என்று கேட்டார்கள். "என் மகன்தான் எல்இடி மாத்தினான்" என்றேன். அது ஒன்றும் பொய் இல்லையே. வியாழக்கிழமை நான் வந்ததைப் பற்றி முதலாளி வாயைத் திறக்கவில்லை. எப்படியாவது ஓட்டிக் கொடு என்று சொன்னது அவர். இருவருக்கும் அது வசதியாக இருந்தது. நீ பத்து மணிக்கு அந்த இரண்டு பல்பைத் திருப்பிப் போட வந்தாய். வாசலிலேயே உன்னைப் பிடித்துப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள்.

இரண்டு நாள் ஸ்டேஷனில் இருந்தாய். கவனக்குறைவு, விபத்து என்று எழுதி விட்டுவிட்டார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கும்போது, வளைவில் ஜீப் திரும்புகிற இடத்தில், நீ என் முழங்கையைப் பிடித்தாய். "அப்பா, பலகைய எறக்கும்போது நான் வயரப் பாத்துட்டுத்தானப்பா எறக்குனேன்? நீங்க பக்கத்துல இருந்தீகள்ல. பாத்தேனா இல்லையாப்பா?" என்று கேட்டாய். நீ பார்த்தாய். டார்ச் அடித்து, குனிந்து, வயரைக் கிளிப்பில் மாட்டி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினாய். நான் என் கண்ணால் கண்டேன். ஆனால் உன்னிடம் சொன்னது வேறு. "அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டே. நடந்தது நடந்துபோச்சு. விடு" என்றேன். ஏதோ உன்னை மன்னிக்கிறவன் மாதிரி உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய்.

அதன்பிறகு நீ ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. கோயமுத்தூர் போய்ப் பார்சல் ஆபீசில் பெட்டி தூக்கினாய். நான் தடுக்கவில்லை. நீ கண்முன் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. வருஷம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபப்பட்டேன் சாமி, பூசைக்குப் போகவில்லை சாமி, பொய் சொன்னேன் சாமி என்று மற்றதோடு சேர்த்து வாய்க்குள் முணுமுணுத்தேன். சாமியார் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு டீக் குடிக்கப் போனேன்.

நீயே பழுது பார்த்துச் சொல், தம்பி. பழுது பார்க்கிறவன் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக யார் கை வைத்தது என்றுதானே? உன் கையால் வயர் நசுங்கியிருந்தால் புதன்கிழமை சாயங்காலமே பியூஸ் போயிருக்கும். போகவில்லை. வியாழக்கிழமை நான் பலகையை இறக்கிய நிமிஷம் போனது. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. நீ விட்டுவைத்தது எரியாத இரண்டு பல்பு. எரியாத பல்பு யாரையும் கொல்லாது. எல்லாம் எரிகிறது, எல்லாம் ஓடுகிறது என்று நான் விட்டுவிட்டு வந்தேன் பார், அந்த மிஷின்தான் கொன்றது.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கில்லை. ஆனாலும் குடும்பம் நடத்தப் போகிறாய், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் அதைக் காப்பாற்ற இன்னொருத்தன் தேவைப்படுவான், பக்கத்தில் எவன் இருக்கிறானோ அவன் தலையில்தான் கட்டுவாய். எனக்குப் பக்கத்தில் நீ இருந்தாய். அப்புறம், நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, உன்னைவிடக் கெட்டிக்காரனாக இருந்தால், வயிறு எரியும். எரிந்தால் எரியட்டும், அவன் முடிக்காமல் வைத்த வேலையில் மட்டும் கை வைக்காதே.

ஓலை வாசித்த அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் உரித்து முடித்தாள். பிறகு, "அன்னைக்கு ஸ்டேஷன்ல இருந்து வந்து எம்புள்ள நாலு நாளு சோறு திங்கல. நீங்க எதிர்ல உக்காந்து தின்னீக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இப்போது அவளுடைய அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை நான் குமுளிக்குப் போய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். கல்யாணத்துக்கு நான் வருவதா வேண்டாமா என்பது நீ சொல்வது.

ஸ்டேஷனுக்குப் போகும் முன் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை லோயர் கேம்ப் போனேன், பேச்சியம்மாள் வீட்டுக்காரர் தங்கராசுவைப் பார்க்க. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்து வாசலில் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னார் என்று சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உனக்கு எழுதிய இத்தனையையும் நின்றபடியே சொன்னேன். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவர் குழாயை மூடவில்லை.

சொல்லி முடித்து அவர் காலில் விழுந்தேன். "வேணாம். எந்திரிங்க" என்றார். குனிந்து குழாயை மூடிவிட்டு, "ஒங்க மகன் இங்கன வரும், தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

"வருசா வருசம் அவ செத்த தேதிக்கு வரும். மொத வருசம் வந்து, அண்ணே, எங் கைத் தப்புலதான் அக்கா போயிட்டாகன்னு சொல்லிக் கால்ல விழுந்துச்சு. நான் செருப்பக் கழட்டி அடிச்சேன். தெருவே பாத்துச்சு. ஒரு கையக்கூட மறிக்கல. வாங்கிக்கிட்டு நின்னுச்சு. மறு வருசம் வந்துச்சு, கதவச் சாத்திட்டேன். போன வருசம் வந்தப்ப மூஞ்சில துப்புனேன். தொடைச்சுக்கிட்டு, வர்றேன்ணேன்னு சொல்லிட்டுப் போச்சு."

"என்னைய அடிங்க" என்றேன்.

"ஒங்கள அடிச்சா அந்தப் புள்ள வாங்குனது இல்லன்னு ஆயிருமா?" என்றார். கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தார். "அது நம்பரச் சொல்லுங்க. நான் அதுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார். நான் சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிக் கேட்டுப் பதிந்துகொண்டார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவார். இனி என் போனை நீ எடுக்காவிட்டாலும் சரி, அவர் கூப்பிட்டால் எடு. நான் தப்பு செய்யலேண்ணே என்று உன் வாயால் ஒரு தடவை அவரிடம் சொல்லிவிடு.